ஹதீலுட உம்மா

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததும் அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வாக்காளர் இடாப்பில்தான் தேட வேண்டும். மற்ற எல்லோருக்கும் அவள் இன்னாரின் உம்மா, அவ்வளவுதான். என் உம்மாவுக்கும் அழகான பெயர் ஒன்று இருந்தது. வாப்பாகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீன் கொண்டு வருகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'றிஸ்வானாட உம்மா'. அந்த றிஸ்வானா நான்.

இதில் எனக்குப் பெருமை இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வகுப்பில் இன்னும் மூன்று றிஸ்வானாக்கள் இருந்தார்கள். டீச்சர் ஒருத்தியை நெட்டை றிஸ்வானா என்றார், ஒருத்தியைக் கட்டை றிஸ்வானா என்றார், ஒருத்தி கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி றிஸ்வானா ஆனாள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் நான் 'மற்ற றிஸ்வானா'. அந்தக் காலத்தில் எங்கள் கல்முனைப் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் பாத்திமா என்று தொடங்கி, பின்னால் றிஸ்வானா, பர்ஸானா, றிஸானா என்று ஏதாவது ஒரு 'னா' வைத்து முடித்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்பது பெரிய யோசனை தேவைப்படாத வேலையாக இருந்தது.

அதைப் பெரிய யோசனையாக்கியவர் வாப்பாவுக்கு மூத்தவரான அவருடைய ராத்தா, அதாவது என் மாமி. கலியாணத்துக்கு முதல் அவர் குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தவர். வெளிநாடு போய் வருகிற பெண்கள் தங்கச் சங்கிலியும் கம்பளியும் கொண்டு வருவார்கள். மாமியும் கொஞ்சம் கொண்டு வந்தார்தான். ஆனால் ஊர் பேசியது அவர் கொண்டு வந்த பெயர்களைப் பற்றி. அந்த வீட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரின் பெயரும், அந்தப் பெயரின் அர்த்தமும் அவர் மனதில் இருந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மாங்காயோ வட்டிலப்பமோ எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். மாமி வந்தவளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ஒரு பெயரைச் சொல்வார்.

"லமீஸ்ண்டு வை புள்ள. தொட்டா மெத்தெண்டு இரிக்கிறதுதான் அர்த்தம். எங்கட மெடத்துட தங்கச்சிர மகள்ற பேர். நல்ல புள்ள, சோத்தக் கண்டாத்தான் அழும்."

மாமியின் பெயர்கள் எல்லாம் இப்படி ஒரு பிள்ளையோடு சேர்ந்தே வரும். நதா என்றால் விடியற்காலைப் பனித்துளி, ஆனால் அந்த நதா சரியான அடம்பிடிக்காரி. அரீஜ் என்றால் நல்ல வாசனை, அந்த அரீஜுக்கோ வருடம் முழுக்கச் சளி. ஊரில் இன்றைக்கும் இருபது வயது தாண்டிய ஒரு லமீஸைக் கண்டால், இவளுக்குச் சோறு பிடிக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரும்.

இத்தனை பெயர்களையும் அள்ளிக் கொடுத்தவர் ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது ஹதீல். புறா தொண்டைக்குள் குறுகுறுக்குமே, அந்தச் சத்தத்துக்கு அரபியில் அப்படி ஒரு சொல் இருக்கிறதாம். மாமி தூக்கி வளர்த்த கடைக்குட்டியின் பெயர் அது. வீட்டை விட்டு இவர் புறப்பட்ட நாளில் அந்தப் பிள்ளை வாசல்வரை ஓடிவந்து இவருடைய பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அந்தப் பெயரை மாமி தனக்கென்று வைத்திருந்தார். கலியாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு அதை வைத்தார். புறாச் சத்தத்தை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா என்று ஊர் சிரித்தது. என் உம்மாவுக்கு முதல் எழுத்து வாயில் வராது. 'அதீல்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கொஞ்ச நாளில் எல்லோரும் பழகிவிட்டார்கள். மாமி 'ஹதீலுட உம்மா' ஆனார். அப்படி யாராவது கூப்பிட்டால், கேட்காதவர்போல ஒரு நொடி இருந்துவிட்டு, இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். இன்னொரு தரம் கேட்க ஆசை என்று எனக்கு அப்போதே தெரியும்.

கடல் வந்தபோது ஹதீலுக்கு நான்கு வயது. எனக்கு ஏழு.

அது சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. மாமி சந்தைக்குப் போகும் வழியில் ஹதீலை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவள்தான் என்னோடு விளையாட வேண்டும் என்று அழுதாள். எங்கள் பழைய வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சத்தம் கேட்டதும் உம்மா எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் எங்களை ஒரு மதிலோடு சேர்த்து அடித்தது. பிறகு யாரோ எங்களை ஒரு மேல்மாடி வீட்டுக்கு இழுத்து ஏற்றினார்கள். அப்போது உம்மாவின் ஒரு கையில்தான் பிள்ளை இருந்தது. அது நான்.

அன்று பின்னேரம் மாமி எங்களைத் தேடிக்கொண்டு அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உம்மா சுவரோரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தார். மாமி பக்கத்தில் வந்து குந்தினார். உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடக்கம் செய்ய ஹதீலின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. கட்டாரில் சாரதியாக இருந்த மாமியின் புருஷன், எங்கள் மாமா, வந்து சில மாதங்கள் தேடிவிட்டுத் திரும்பவும் கட்டாருக்கே போனார்.

மெயின் றோட்டுக்கு மேற்கே வயல் பக்கமாக எங்களுக்கு வீட்டுத்திட்டம் கட்டிக் கொடுத்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பழைய ஒழுங்கைக்காரர்கள் எல்லோரும் அங்கே பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தோம். மாமியின் வீடு எங்கள் வரிசையிலேயே கடைசியில் இருந்தது. அங்கே வந்த பிறகு ஊர் ஒரு முடிவெடுத்தது. யாரும் கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல. மாமியை இனி யாரும் 'ஹதீலுட உம்மா' என்று கூப்பிடுவதில்லை. பாவம், அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்! எங்களுக்கெல்லாம் உம்மாமார் கண்ணைக் காட்டிச் சொல்லி வைத்தார்கள். மாமி 'குவைத் ராத்தா' ஆனார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண் வாய் தவறிப் பழைய பெயரில் கூப்பிட்டுவிட்டாள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியோ முதல் தரத்திலேயே திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்தது வேதனை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அதோடு மாமி பெயர் சொல்வதையும் விட்டுவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் அவரிடம் போகவில்லை. புதுப் பெயர் தேவைப்பட்டவர்கள் என் சாச்சியிடம் போனார்கள். உம்மாவின் தங்கையான சாச்சி பஸாரில் காசு கொடுத்துப் போன் பேசுகிற ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தார். அங்கே இன்டர்நெட் இருந்தது. அதில் கேட்டால் உலகத்துப் பெயரெல்லாம் வரும் என்று சாச்சி சொன்னார். ஆனால் அந்தப் பெயர்களோடு சளிபிடித்த பிள்ளையோ அடம்பிடிக்கிற பிள்ளையோ வராது.

உம்மாவுக்கு இரண்டாம் தரம் வயிற்றில் உண்டானது அந்தக் காலத்தில்தான். எனக்கு ஒன்பது வயது. மாமி இரண்டு நாளைக்கு ஒருமுறை மாங்காய் அச்சாறும் மீன் பொரியலும் கொண்டு வருவார். உம்மா வாங்கிக்கொள்வார், நல்லாயிருக்கு மதினி என்பார், ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். பேச்சு முழுவதும் அச்சாற்றுப் போத்தலோடுதான் நடக்கும்.

ஒரு பின்னேரம் வாப்பா சைக்கிள் சாமான் கடையைப் பூட்டிக்கொண்டு வரும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். மாமி இருவருக்கும் சோறு போட்டார். வாப்பா பாதி சாப்பிட்டிருந்தபோது மாமி கேட்டார்.

"தம்பி, பொம்புளப் புள்ளையா இருந்தா ஹதீல்ண்டு வைப்பமா?"

அந்தப் பெயரை அத்தனை காலத்துக்குப் பிறகு மாமியின் வாயால் கேட்டது அன்றுதான். வாப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது.

"வைப்பம் ராத்தா. ஓம், வைப்பம்."

"ஒண்ட பொஞ்சாதிட்ட நீதான் கேக்கணும். நான் கேட்டா உடனே ஓம் எண்டுடுவா. எனக்குப் பயந்து செல்லக் கூடாது. மனசாரச் செல்லணும்."

"நான் கேக்கன் ராத்தா."

மாமி வாப்பாவின் கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தார். எனக்கும் ஒன்று வைத்தார். அவர் அன்று போலச் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்த்திருக்கவில்லை.

என் வாப்பா நல்ல மனிதர். எங்கள் ஊரில் ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பவர்கள், வீடு பெண்ணுக்குச் சொந்தம். ஆனபடியால் வாப்பா அந்த வீட்டில் நல்ல விருந்தாளியாக நடந்துகொண்டார். சிக்கலான விஷயம் எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார். கலங்கின தண்ணீர் தானே தெளியட்டும் என்று விட்டுவிடுவார். அப்படி அவர் விட்டுவிட்டு இருக்கும்போதே தங்கச்சி பிறந்துவிட்டாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், பெயர் வைக்கும் நாள் கிட்ட வந்துவிட்டதே என்று, வாப்பா அறை வாசலில் நின்று, யாரோ ரோட்டில் போகிறவர் கேட்டுவிடச் சொன்னதுபோல அதைக் கேட்டார். நான் உள்ளே தங்கச்சியின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அந்தப் பேர் வேணாம்."

"ஏன் புள்ள? நல்ல பேர்தானே. ராத்தாக்கும் மனசு கொஞ்சம் ஆறும்."

"என்னால கூப்பிட ஏலாது."

வாப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உம்மாவுக்குத்தான் அந்த முதல் எழுத்து வராதே! நான் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லாமல் வந்தது. இதைப் போய் உம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். நல்ல வேளை, அதற்குள் சாச்சி பஸாரிலிருந்து வந்துவிட்டார்.

சாச்சியிடம் உம்மா விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சாச்சி அக்காவுக்காக எதையும் செய்பவர். "மதினி வாய் திறக்கிறதுக்கு முந்தி நாம ஒரு பேர முடிவுபண்ணிப் போடணும்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது பெயர் தேடுவது அல்ல, ஒரு பெயரை மறிப்பதற்கு இன்னொரு பெயர் தேடுவது. சாச்சி ஒவ்வொன்றாகச் சொல்ல, உம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசியில் சாச்சி ஜுமானா என்றார்.

"கல்முனைல ஒருத்திக்கும் இந்தப் பேர் இல்ல. முத்து எண்டு அர்த்தமாம்."

"அது இரிக்கட்டும்" என்றார் உம்மா. பெயர் பிடித்துச் சொன்னதுபோலத் தெரியவில்லை. தேடினது போதும் என்று சொன்னதுபோல இருந்தது.

ராத்தாவிடம் சொல்லிவிடுங்கள் என்று சாச்சி வாப்பாவிடம் சொன்னார். வாப்பா ஓம் என்றார். ஆனால் அவர் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி களைந்து, ஆடு அறுத்து, இறைச்சியை அக்கம்பக்கம் பங்கு வைத்தார்கள். முன் ஹோலில் பாய் விரித்து மௌலவியும் ஒழுங்கை ஆட்களும் இருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மௌலவி பிள்ளையின் காதில் பெயரைச் சொன்ன பிறகு, வாப்பாவோடு கூடப் பிறந்தவர்களில் மூத்த பெண் தன் கையால் தொட்டில் கட்டி, பிள்ளையை அதில் வளர்த்திக் கிடத்தி, சபைக்குக் கேட்கும்படி மூன்று தரம் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும். என்னை றிஸ்வானா என்று உலகத்துக்கு அறிவித்ததும் மாமிதான்.

மாமி காலையிலேயே வந்துவிட்டார். நீலப் பூப் போட்ட புதுச் சாரி ஒன்றைத் தோய்த்துக் காயவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்தார். அதைத் தானே கூரை வளையில் கட்டி, இழுத்து, தன் கையை உள்ளே வைத்து அழுத்திப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தங்கச்சிய ஆட்டித் தூங்க வைக்கிறது ஒண்ட வேலதான், வெளங்கிச்சா?" என்றார். அவருக்கு அன்று ஒரு அவசரமும் இல்லாததுபோல இருந்தது. அவர் எதை நம்பி வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும். வாப்பா அன்று காலை முழுவதும் இறைச்சி பங்கு வைக்கிற இடத்தைவிட்டு வரவே இல்லை.

மௌலவி பிள்ளையை வாங்கிக்கொண்டு, "என்ன பேர் வைக்கிறீங்க?" என்று வாப்பாவைக் கேட்டார்.

வாப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. இருந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைவாசலில் நின்ற சாச்சி, "ஜுமானா" என்றார்.

"மாஷா அல்லாஹ். அர்த்தம்?"

"முத்து."

பாயில் இருந்த வயதான மீனவர் ஒருவர் தலையை ஆட்டினார். "ஓம் ஓம், கடல்ல எடுக்கிறது."

ஒரு பெயருக்குப் பயந்து ஓடிய அவசரத்தில், திரும்பவும் கடலுக்குள்ளேதான் போய்க் கை வைத்திருக்கிறோம் என்பது சாச்சிக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். மௌலவி ஒன்றும் அறியாமல் பிள்ளையின் காதில் ஓதிப் பெயரைச் சொன்னார்.

நான் சர்பத் தட்டோடு நின்றேன். மாமியைத்தான் பார்த்தேன். நிற்கும் என்று நம்பிக் கை காட்டிய பஸ் நிற்காமல் போனால், அது போன திசையை ஆட்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து பிள்ளையைக் கையில் வாங்கினார். தொட்டிலில் வளர்த்தினார். சாரி விளிம்பைச் சரிசெய்தார். கூப்பிட மாட்டாரோ என்று நினைத்தேன். ஆனால் மாமி கூப்பிட்டார். குரல் உடையவில்லை. மூன்று தரமும் ஜுமானா என்றுதான் கூப்பிட்டார். ஒழுங்கைக் கடைசிவரை கேட்டிருக்கும்.

ஆட்கள் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் மாமி உம்மாவின் அறைப்பக்கம் போனார். உள்ளே போகவில்லை. வாசல் சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பின்னால் நின்றேன். உம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நீ அந்தப் பேரக் கூப்பிடணும்ண்டுதான் புள்ள கேட்ட நான். வேற ஒண்டுக்கும் இல்ல."

உம்மா திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை அசைந்தது. மாமி பிடித்திருந்த சீலையை விட்டார். பிறகு என் தட்டிலிருந்து ஒரு சர்பத்தை எடுத்து, நின்றபடியே குடித்துவிட்டு, கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

சாச்சி உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பாத்தியா? ஒவ்வொரு நாளும் நீ அந்தப் பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேகணும் எண்டுதான் அவ கேட்டிரிக்கா. இத்தன நாளும் மனசுக்குள்ள வைச்சிக்கிட்டு இருந்திரிக்கா" என்றார். உம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மாமி இவ்வளவு பொல்லாதவரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் கட்டிய தொட்டிலை ஆட்டவே எனக்கு அன்று மனம் வரவில்லை.

பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. சண்டை வந்திருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். சண்டை பிடித்திருந்தால் யாராவது ஒருவர் உள்ளதைச் சொல்லியிருப்பார். நோன்புக் காலத்தில் உம்மா கஞ்சி அனுப்புவார். மாமி கோப்பையைக் கழுவி, வெறுமையாக அனுப்பக் கூடாதென்று அதில் நாலு பேரீச்சம்பழம் போட்டு அனுப்புவார். பெருநாளைக்கு நாங்கள் போய்ச் சலாம் சொல்வோம். ஜுமானாவுக்கு மாமி உடுப்புத் தைத்துக் கொடுத்தார், தலைவாரிவிட்டார், பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே அங்கேதான் போவாள். ஆனால் மாமி எங்கள் வீட்டு கேற்றைத் தாண்டி உள்ளே வரவில்லை. உம்மாவும் வாங்க மதினி என்று கூப்பிடவில்லை. வருடங்கள் இப்படியே போய்விட்டன. நான் கலியாணம் முடித்தேன். ஒழுங்கையில் என் பெயரும் காணாமல் போயிற்று. இப்போது நான் 'யஸனுட உம்மா'. அந்தப் பெயரைப் போனில்தான் தேடி எடுத்தேன். நாலு வீடு தள்ளி இருந்த மாமியிடம் போய்க் கேட்டிருக்கலாம். அந்தப் பெயரோடு குவைத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

போன வருடம் மாமி மௌத்தானார். காய்ச்சல் என்று படுத்தவர் ஒரு கிழமைக்குள் போய்விட்டார். மாமா கட்டாரிலிருந்து வரச் சுணங்கும் என்றபடியால் எல்லாவற்றையும் வாப்பாதான் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் அறிவிப்பதற்காக விபரம் கேட்டு, பாங்கு சொல்கிற முஅத்தின் போன் எடுத்தார். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று வாப்பா சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். வாப்பா பேச்சை நிறுத்திவிட்டு, வழக்கம்போல, தானே தெளியட்டும் என்று நின்றார்.

உம்மா வந்து போனைக் கையிலிருந்து வாங்கினார்.

"அதீலுட உம்மாண்டு செல்லுங்க தம்பி. அப்பிடிச் சென்னாத்தான் எங்கட ஆக்களுக்கு வெளங்கும்."

முஅத்தினுக்குப் பெயர் சரியாக விளங்கவில்லை. உம்மா திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தரம் சொன்னார். முதல் எழுத்து அவருக்கு அப்போதும் வரவில்லை. கடைசியில் நான் போனை வாங்கிச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், மர்ஹூமா ஹதீல் அவர்களின் தாயார் என்று ஊர் முழுக்கக் கேட்டது. கதவோரம் இருந்த ஒரு கிழவி, "அல்லாஹ்வே, நம்மட ஹதீலுட உம்மாவா!" என்று அழத் தொடங்கினாள். குவைத் ராத்தாவாக அத்தனை வருடம் இருந்தவருக்கு அவருடைய பெயர் திரும்பிக் கிடைத்தது. கேட்பதற்குத்தான் அவர் இல்லை.

உம்மா மாமியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மேல்மாடி எனக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அதையும் பெயர் வைத்த நாளையும் நான் ஒருபோதும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கவில்லை. அந்தக் காலை முழுவதும் உம்மா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் நெஞ்சை அழுத்தி, கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதீல், அதீல் என்று. தொண்டை அடைத்துச் சத்தம் போன பிறகும் வாய் கூப்பிட்டது. கீழேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

அந்தப் பெயரை உம்மாவால் கூப்பிட ஏலாமல் போனது அந்த மேல்மாடியில்தான். உம்மா ஏலாது என்றதை நான் எழுத்துக் கஷ்டம் என்று நினைத்தேன், மாமி கேட்டதைச் சாச்சி பழி என்று நினைத்தார், உம்மா தனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை என்று நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தையிலிருந்து ஓடிவந்து, அன்று பின்னேரம் அந்தப் பள்ளிக்கூடச் சுவரோரம் சத்தமே இல்லாமல் வாயசைத்துக்கொண்டு கிடந்த உம்மாவின் பக்கத்தில் குந்திய மாமிக்கு மட்டும் அது விளங்கியிருக்கிறது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் கொல்லையிலிருந்து "என்ன உம்மா" என்று ஓடிவர உம்மாவுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.